ராதாமணி கேட்ட மாறுகண்

“என்னம்மா, டிவியா? பாத்து வையுங்க, ஒடைஞ்சிறப் போகுது,” என்றான் ஆட்டோக்கார மருது. ராதாமணி பழைய வேட்டியைச் சுற்றி மடியில் வைத்திருந்த மூட்டையைத்தான் சொன்னான்.

“டிவி இல்ல. எம் மக,” என்றாள் ராதாமணி.

மருது மாட்டுத்தாவணியில் வண்டியைக் கிளப்பி, கே.கே. நகர் வளைவு வரைக்கும் மேடு பள்ளம் பார்த்து ஓட்டினான்.

ராதாமணி பேச்சு அப்படித்தான். சுற்றி வளைக்கத் தெரியாது. பிடித்தால் பிடித்த பிடிதான். மதுரை மஹால் பக்கத்துத் தெரு ஒன்றில், சௌராஷ்ட்ர நெசவுக் குடும்பத்தில் ஐந்து பெண்களுக்கு நடுவில் பிறந்தவள். பத்தொன்பது வயதில், நூல் கடையில் வேலை பார்த்த லட்சுமிநாராயணனுக்குக் கழுத்தை நீட்டினாள். இருபத்தொன்றில் ஸ்வர்ணா பிறந்தாள்.

ஸ்வர்ணாவுக்கு மாறுகண். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கண் மட்டும் மூக்குப் பக்கம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும், அவ்வளவுதான். பிள்ளை களைத்துப்போனால் கூடுதலாக ஒதுங்கும். தூக்கம் வருகிறது என்று அவள் சொல்லுவதற்கு முன்னால் அந்தக் கண் சொல்லிவிடும். தெருப் பிள்ளைகள் ‘ஒன்னரைக் கண்ணு’ என்று கூப்பிட்டார்கள். ராதாமணி அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களோடு வாசல் வாசலாய்ப் போய்ச் சண்டை போட்டாள். லட்சுமிநாராயணன் சண்டை போடத் தெரியாத மனுஷன். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். தீபாவளி கழியட்டும், ஆபரேஷன் செய்துவிடலாம் என்று தேதி கொடுத்தார்கள். தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். நாலே நாள். அப்போது அவளுக்கு நாலரை வயது.

பிள்ளைக்குப் படம் என்று ஒன்று கிடையாது. காதுகுத்தில் எடுத்த ஒரே போட்டோவிலும் ஸ்வர்ணா வாயைப் பிளந்து அழுதுகொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். அதனால் அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள். போட்டோக்காரரை வரவழைத்து, உயிர் போன பிள்ளைக்குத் தலை சீவிப் பூ வைத்து, அப்பன் மடியில் உட்கார்த்தி ஒரு படம் எடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு லட்சுமிநாராயணன் மேலமாசி வீதியில் சின்னதாகக் கடை போட்டிருந்த ஓவியர் சொக்கநாதனிடம் போனார். செத்துப்போனவர்களின் போட்டோவைப் பார்த்து, கண் திறந்திருக்கிற மாதிரி பெரிதாக எழுதிக் கொடுப்பது அவருக்குப் பாதித் தொழில்.

ஒரு மாதம் கழித்துப் படம் வந்தது. பட்டுப்பாவாடை, நெற்றிச் சுட்டி, அச்சு அசலாய் அதே கன்னம். ரெண்டு கண்ணும் திறந்திருந்தன. ரெண்டும் நேராக இருந்தன.

“இது யாரு?” என்றுதான் ராதாமணி கேட்டாள்.

“தெரியாம எழுதிட்டாரு போல, விடு,” என்றார் லட்சுமிநாராயணன்.

திருப்பிக் கொண்டுபோகச் சொன்னாள். இன்றைக்கு நாளைக்கு என்று அவர் நாளைக் கடத்தினார். கடைசியில் அவளே படத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். கடை பூட்டிக் கிடந்தது. ஓவியருக்கு ஏதோ வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார் வேலை கிடைத்துவிட்டதாம். அன்றிலிருந்து முப்பத்தைந்து வருஷம், வெள்ளிக்கிழமை தவறாமல் படத்துக்குப் பூப் போட்டாள். பூப் போடும்போதே, “கேட்டு எழுதத் தெரியாத பாவி” என்று சொக்கநாதனைத் திட்டவும் செய்தாள். பக்கத்து அறையில் லட்சுமிநாராயணன் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

பிறகு சாய்குமார் பிறந்தான். நேர்க்கண் படத்தைப் பார்த்தே ‘அக்கா’ என்று கும்பிட்டு வளர்ந்தான். போன மாசியில் லட்சுமிநாராயணன் போய்ச் சேர்ந்தார். ராதாமணி ஒத்தக்கடையில் மகன் கட்டின புது வீட்டுக்கு வந்தாள். வந்த இடத்தில், ஆணி அடித்துப் படத்தை மாட்டின அன்றைக்குத்தான் அவளுக்குச் சுருக்கென்றது. ஸ்வர்ணாவுக்கு மாறுகண் என்று சொல்ல இந்த வீட்டில் இனி அவளை விட்டால் ஆள் இல்லை. அவளும் கண்ணை மூடிவிட்டால், அந்தக் கண்ணோடு ஒரு பிள்ளை இந்த ஊரில் ஓடித் திரியவே இல்லை என்று ஆகிவிடும்.

அந்த நேரத்தில்தான் மருமகள் ஸ்ரீவர்ஷினி செல்போனைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். இந்தச் சனி, ஞாயிறு மதுரை முழுக்க ஓவியர்களும் சிற்பம் செய்கிறவர்களும் தாங்கள் வேலை செய்கிற இடத்தைத் திறந்து வைக்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாமாம். வரிசையாகப் பெயரை வாசித்து வந்தவள், “பதினேழு, சொக்கநாதன், முகச் சித்திரம், எஸ்.எஸ். காலனி,” என்றாள். ராதாமணி சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள்.

“நான் கூட வரட்டுமா அத்தை?”

“வேணாம். திட்டப் போறேன். நீ எதுக்கு நடுவுல?”

இப்படித்தான் அவள் மாட்டுத்தாவணி வரை பஸ்ஸில் வந்து மருதுவின் ஆட்டோவில் ஏறினாள்.

வளைவு தாண்டியதும் மருதுவால் பேச்சை அடக்க முடியவில்லை. “காலையிலருந்து இதே சவாரிதாம்மா. ஒம்பது வீடு பாத்துட்டேன். இனி நானே வரைஞ்சிருவேன் போல. போற வழியில ஒண்ணு இருக்கு, எட்டிப் பாத்துட்டுப் போவமா?”

வேண்டாம் என்று அவள் சொல்லுவதற்குள் ஒரு தகரக் கொட்டகை முன்னால் நிறுத்திவிட்டான். உள்ளே ஒருத்தன் பழைய சைக்கிள் செயினையும் பல்சக்கரத்தையும் பற்றவைத்து ஆள் உயரத்துக்கு மாடு ஒன்று செய்து நிறுத்தியிருந்தான். ராதாமணி மூட்டையை மார்போடு அணைத்தபடி மாட்டைச் சுற்றி வந்தாள்.

“ஏம்ப்பா, இதுக்குக் கண்ணு வைக்கலையா?”

“கண்ணு வச்சாத்தான் மாடுன்னு தெரியுமாம்மா?” என்று சிரித்தான் அவன்.

“மாட்டுக்குச் சரி,” என்று சொல்லிவிட்டு வந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

பதினேழாம் எண் ஒட்டியிருந்த வீட்டில் கார் நிறுத்தும் இடத்தைத்தான் ஓவிய அறை ஆக்கியிருந்தார்கள். வர்ணம் கரைக்கிற டர்பன்டைன் வாடை மூக்கில் ஏறியது. சுவர் முழுக்க முகங்கள். கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ஓவியரின் மகள் தீப்தி எழுந்து, “வாங்கம்மா, பேரு எழுதிட்டு உள்ள போங்க,” என்றாள்.

“எம் பேரு எதுக்கு? அவரக் கூப்புடு.”

சொக்கநாதன் உள்ளேயிருந்து வந்தார். எழுபது தாண்டிவிட்டது. தடித்த கண்ணாடி. ராதாமணி மேசையில் கிடந்த வர்ண டியூபுகளை ஓரமாய்த் தள்ளி, வேட்டியை அவிழ்த்துப் படத்தை நிமிர்த்தி வைத்தாள்.

“இத எழுதினது நீங்கதான?”

அவர் குனிந்து பார்த்தார். சட்டத்தின் விளிம்பைத் தடவினார். “லட்சுமிநாராயணன் சார் பொண்ணு. ஸ்வர்ணா,” என்றார்.

பெயரைச் சொல்லுவார் என்று ராதாமணி எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவு பாதி அங்கேயே உதிர்ந்தது. இருந்தாலும் விடவில்லை.

“எம் மகளுக்கு மாறுகண்ணு. நீங்க நேரா எழுதிட்டீங்க. முப்பத்தஞ்சு வருசமா யார் பெத்த பிள்ளைக்கோ பூப் போட்டுக்கிட்டு இருக்கேன் நான்.”

கல்லூரிப் பெண்கள் செல்போனைக் கீழே இறக்கினார்கள். சொக்கநாதன் ஸ்டூலை இழுத்து மெல்ல உட்கார்ந்தார்.

“மாறுகண்ணுன்னு எனக்குத் தெரியும்மா. சார் சொல்லித்தான் எழுத ஆரம்பிச்சேன். கண்ணுக்கு வாரதுக்கு முன்னாலயே திரும்ப வந்தாரு. ரொம்ப நேரம் கடை வாசல்லயே நின்னாரு. ‘பதினெட்டாந் தேதி ஆபரேசன்னு எழுதிக் குடுத்திருந்தாங்க சார். அதப் பண்ணிப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கல. நீங்க பிரஷ்ஷால பண்ணி விட்ருங்க’ன்னாரு. வீட்ல கேட்டா என்ன சொல்லுவீங்கன்னேன். ‘ஒங்க தப்புன்னு சொல்லிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. உண்மையச் சொன்னா அவ என்னய உண்டு இல்லன்னு பண்ணிருவா’ன்னாரு.”

பழைய வீட்டில், பக்கத்து அறையில் பேப்பர் மடிக்கிற சத்தம்தான் ராதாமணி காதில் கேட்டது. ஒரு வெள்ளியா, ரெண்டு வெள்ளியா? அத்தனை வசவையும் கேட்டுக்கொண்டு அந்த மனுஷன் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

தீப்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு ராதாமணி முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

“சரி. அவரு ஆசைப்பட்டாரு, முப்பத்தஞ்சு வருசம் பாத்துட்டுப் போயிட்டாரு. எனக்கு எம் பிள்ள வேணும். மாத்தி எழுதுங்க.”

“அம்மா, அப்பாவுக்கு இப்ப கை நடுங்குது,” என்றாள் தீப்தி.

“இரும்மா,” என்றார் சொக்கநாதன். “படத்துல நேராக் கை வைக்க வேணாம். மொதல்ல கண்ணாடி மேல எழுதிக் காட்டுறேன். சரியா இருந்தா அப்புறம் சட்டத்தப் பிரிப்போம்.” மெல்லிய பிரஷ்ஷைக் கறுப்பில் தொட்டு, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். “எந்தக் கண்ணும்மா? சார் சொன்னது மறந்துபோச்சு.”

“எடது.”

கண்ணாடி மேல் சின்னதாக ஒரு கண்மணி விழுந்தது. மூக்குப் பக்கம் ஒதுங்கி, தூக்கம் வருகிற கண். ராதாமணி கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

“இது அவளுக்கு எடதா, பாக்குற எனக்கு எடதா?”

“அவளுக்கு எடது.”

“எனக்கு எடதுன்னுல்ல சொன்னேன்?”

அவர் துடைத்துவிட்டு மறுகண்ணில் எழுதினார். அதுவும் ஸ்வர்ணாதான். அதே களைப்பு, அதே சோம்பல். இதுவா அதுவா என்று ராதாமணி மாற்றி மாற்றிக் கேட்டாள். அவரும் முகம் சுளிக்காமல் துடைத்துத் துடைத்து எழுதினார். எழுத எழுத அவளுக்கு ஞாபகம் கலங்கிக்கொண்டே போனது.

“மை வைப்பேன்ல,” என்றாள் திடீரென்று. “தெனமும் ரெண்டு முழங்காலுக்கு நடுவுல நிறுத்தி மை வைப்பேன். நல்ல கண்ணுக்கு மொதல்ல வச்சிருவேன். அந்தக் கண்ணுக்கு வைக்கையில சிமிட்டிக்கிட்டே இருப்பா. எங் கைக்குத் தெரியும்.”

தீப்தி என்ன நினைத்தாளோ, அவள் முன்னால் வந்து முழங்காலிட்டாள். முப்பது வயது தாண்டிய பெண். ராதாமணி அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். மோதிர விரலை உயர்த்தினாள். விரல் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. இறக்கினாள். மறுபடி உயர்த்தினாள். மறுபடியும் அங்கேயே நின்றது.

“ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதும் இருக்காம்மா?” என்று தீப்தி கேட்டாள்.

“அவ சாமான் எல்லாத்தையும் அவளோடயே அனுப்பிட்டாரு.”

கடைசியாகத் திருமங்கலத்தில் இருக்கிற நாத்தனாருக்குப் போன் போட்டாள். ஸ்வர்ணாவை இடுப்பை விட்டு இறக்காத அத்தை அவள். தங்கள் மொழியிலேயே ரெண்டு வார்த்தை கேட்டாள். அந்தப் பக்கம் பேசினதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

“என்ன சொல்றாங்க?” என்றாள் தீப்தி.

“ஸ்வர்ணாவுக்கு ஏது மாறுகண்ணுங்குறா. படத்துலதான் நல்லா இருக்காளே, ஒனக்கு என்ன கிறுக்கான்னு கேக்குறா.”

கல்லூரிப் பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனாள். சொக்கநாதன் பிரஷ்ஷைக் கையிலேயே வைத்திருந்தார்.

“ரெண்டுல ஒண்ண எழுதிறவாம்மா? பாதிக்குப் பாதி சரியா இருக்கும்.”

“வேணாம். ஏதோ ஒரு கண்ண எழுதுறதுக்கு, அவரு கேட்ட கண்ணே இருந்துட்டுப் போகுது.” அவளே துணியை வாங்கிக் கண்ணாடியை அழுத்தித் துடைத்தாள். ஸ்வர்ணா மறுபடி நேராகப் பார்த்தாள். “ஞாபகம் வரும். வராம எங்க போகும்? வந்ததும் வாரேன். அடுத்த வருசமும் திறப்பீங்கள்ல?”

“ஒங்களுக்கு எதுக்கும்மா வருசக் கணக்கு, எப்ப வேணாலும் வாங்க,” என்றாள் தீப்தி.

சொக்கநாதன் நடுங்குகிற கையை ஒருதரம் பார்த்துக்கொண்டார். “கொஞ்சம் சீக்கிரமா வாங்க,” என்றார்.

திரும்பும்போது மருது ஆட்டோக் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். “திட்டிட்டீங்களாம்மா?”

“திட்ட வேண்டிய ஆளு அவரு இல்லப்பா,” என்றாள்.

வீட்டில் லட்சுமிநாராயணன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஸ்வர்ணாவைத் திரும்பவும் மாட்டினாள். அவருடைய படம் செல்போனில் எடுத்துப் பெரிதாக்கினது. அதில் எல்லாம் இருந்தபடியே இருந்தது, இமை மேல் இருந்த மருவும்கூட.

“பண்ணினதுதான் பண்ணுனீங்க, எந்தக் கண்ணுன்னாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?” என்று கேட்டாள்.

ஸ்ரீவர்ஷினி விளக்கேற்றிவிட்டுக் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து கொடுத்தாள். ராதாமணி மோதிர விரலில் தொட்டு, மகளின் நெற்றியில் கண்ணாடி மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. விரலைக் கொஞ்சம் கீழே இறக்கி, ரெண்டு கண்ணுக்கும் நடுவில், கண்ணாடியைத் தொடாமல் வைத்துக்கொண்டு நின்றாள். எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அத்தை, சாப்பிட வாங்க,” என்று மருமகள் கூப்பிட்டாள்.

“இரு, வாரேன்,” என்றாள் ராதாமணி.