மேலே போய் நில்

முதுகில் பையை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் ஹோல்ட்டுக்கு இறங்கிய காலையில், மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பாதையில் நின்று சிரித்தார்கள்.

"என்னாங்க டீச்சர், ஒங்களுக்கும் பேர் பதிஞ்சிட்டாங்களா? கூடைய தலையில மாட்டணுங்க. தோள்ல மாட்டிக்கிட்டுப் போறீங்க?"

"கோலாலம்பூர்ல கொழுந்துக்கு நல்ல வெலையாம்" என்றாள் இன்னொருத்தி. "எங்களுக்கும் அங்க பேர் போட்டு வைங்க."

நானும் சிரித்தேன். மகன் அந்த ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். அவன் போனதிலிருந்து ஒரு தடவைகூட வீட்டுக்கு வர முடியவில்லை. ஆகவே பள்ளி விடுமுறையில் நானும் சின்ன மகளும் அவனைப் பார்க்கப் புறப்பட்டோம். மலிவு டிக்கட்டில் பெட்டி கொண்டுபோக முடியாது, ஆளுக்கொரு தோள் பைதான் என்று அவன் சொல்லியிருந்தான். மகளுக்கு அவளுடைய பள்ளிக்கூடப் பை போதுமாயிருந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய அப்பா வரவில்லை. மழை இன்னும் முழுதாக விடவில்லை, வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும் என்றார்.

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தோட்டம் இரத்தினபுரிக்கு மேலே இருக்கிறது. பாதி தேயிலை, பாதி ரப்பர். நாங்கள் இருக்கும் லயத்தின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு செங்குத்தாக நிற்கிறது. வேறு இடத்தில் வீடு தருவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இதுவரை தந்தது, வரிசையின் கடைசியில் உள்ள தொங்கல் வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் நட்டுவைத்த ஒரு மழைப் போத்தல். அதில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் லயத்தை விட்டுப் போய்விடவேண்டும். பெரிய மழை நாட்களில் கிராம சேவகர் த்ரீவீலில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவார். அவர் சிங்களத்தில் சொல்வது மழை இரைச்சலில் பாதிகூடக் கேட்காது. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. ஒலிபெருக்கி பேசினால் மேலே பள்ளிக்கூடத்துக்கு ஏறவேண்டும், அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் பக்கத்துத் தோட்டத்தில் மண் சரிந்தது. ஒரு தாய் தப்பி வெளியே வந்துவிட்டாள். பிள்ளையைக் காணவில்லை என்று திரும்பவும் உள்ளே ஓடினாள். பிள்ளை அந்த நேரம் மேலே கோயிலடியில் நின்றுகொண்டிருந்தது.

அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு நான் வகுப்பிலும் வீட்டிலும் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன். யாரும் யாரையும் தேடக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. பையைப் போட்டுக்கொண்டு மேலே போய் நில்.

"நீங்க வராட்டி?" என்று மகள் கேட்பாள்.

"வருவேன். நான் மேலதான் வருவேன்" என்பேன்.

கோலாலம்பூரில் நாங்கள் தங்கியது மகனின் அறையில் அல்ல. அங்கே ஏற்கனவே ஆறு பேர். வெளிநாட்டுப் பிள்ளைகள் முதுகுப் பையோடு வந்து தங்கும் ஒரு மலிவான இடத்தில் எங்களுக்கு மேலும் கீழுமாக இரண்டு கட்டில் பிடித்துத் தந்திருந்தான். பக்கத்துக் கட்டிலில் ஒரு வெள்ளைக்காரப் பெண். இலங்கை என்றதும் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். தேயிலை மலையில் ஐந்து நாள் நடந்தாளாம், அவ்வளவு அமைதியை எங்கேயும் பார்க்கவில்லையாம். "நீங்கள் அங்கேயே வாழ்கிறீர்களா, எவ்வளவு அதிர்ஷ்டம்" என்றாள். நன்றி சொன்னேன்.

மகனுக்கு லீவு கிடைத்த ஒரே நாளில் எங்களை ஊர் சுற்றிக் காட்டினான். சாரதி இல்லாமல் ஓடும் ரயில், நிலத்துக்கடியில் கடைகள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும் கட்டடங்கள். மகள் அந்தக் கட்டடங்களைப் பார்த்தாள். நான் சரிவுகளைப் பார்த்தேன். அந்த ஊரில் மலையை வெட்டிய இடத்துக்கெல்லாம் சிமெந்து பூசி, ஊற்று வடியக் குழாய் வைத்து, அடியில் ஆள் இறங்கி நடக்கிற அளவுக்குத் தண்ணீர் ஓடும் கான் கட்டியிருக்கிறார்கள். பின்னேரம் இடியோடு மழை கொட்டியது. யாரும் வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இங்க மழைக்கு யாரும் ஓட மாட்டாங்களா?" என்று மகள் அண்ணனைக் கேட்டாள்.

"ஓடுவாங்க. சட்ட நனையாம கடைக்குள்ள ஓடுவாங்க" என்றான்.

இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் அவளை நிற்கவைத்து நான் ஒரு படம் எடுத்தேன். கோபுரத்தின் நுனியும் படத்தில் விழவேண்டுமே என்று போனை உயர்த்தி உயர்த்திப் பிடித்தேன். 

அடுத்த நாள் மகன் வேலைக்குப் போய்விட்டான். பகல் சாப்பாட்டுக்குத் தன் கடைக்கு வரச் சொல்லி, எந்த ஸ்டேஷனில் இறங்கவேண்டும் என்று விளக்கியிருந்தான். ரயிலில் நெரிசல். இறங்கவேண்டிய இடத்தில் மகள் எனக்கு முன்னால் இறங்கிவிட்டாள். என்னுடைய பை ஓர் ஆளின் கைக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இழுத்து விடுவித்துத் திரும்பினேன். கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் "அம்மா" என்று அசைந்தது. நான் கதவைத் தட்டினேன். எங்கள் ஊர் பஸ்ஸில் பலகையைத் தட்டினால் சாரதி நிறுத்துவார். இந்த ரயிலில் யாரிடம் தட்டுவது? ஓட்டுவதற்கே ஆள் இல்லை.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, விழுந்தடித்து எதிர்ப்பக்கம் ஓடி, திரும்பி வந்தேன். அவள் இல்லை.

அந்த இடத்தில் மூன்று தட்டில் ரயில் ஓடுகிறது. நான் கீழ்த் தட்டுக்குப் போனேன். திரும்ப நடுத் தட்டுக்கு வந்தேன். மறுபடியும் கீழே. தூண்களுக்குப் பின்னால் பார்த்தேன், கழிவறைக் கதவுகளைத் தட்டினேன். அவளுடைய பெயரைக் கூப்பிட்டேன். அந்தப் பெயர் அங்கே யாருக்கும் எதுவுமாக இருக்கவில்லை. மகனுக்குப் போன் எடுத்தேன். வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். தெரிந்துகொண்டே எடுத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு எடுக்கவில்லை. அவளுடைய அப்பாவுக்கு என்னவென்று சொல்வேன்?

சீருடை போட்ட காவலாளி ஒருவர் வந்தார். அவரிடம் ஓடிப்போய், "மஹத்தயா, மகே துவ நெத்தி உனா" என்று, மகளைக் காணவில்லை எனச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் சீருடையைக் கண்டால், கவுன்டரைக் கண்டால், வாயில் சிங்களம்தான் வரும். அந்த மலாய்க்காரர் என்னையே பார்த்தார். நான் இன்னும் சத்தமாக அதையே சொன்னேன், சத்தமாகச் சொன்னால் விளங்கும் என்பதைப்போல. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எங்கே போனது என்று இன்றைக்கும் புரியவில்லை.

பக்கத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள்.

"அக்கா, நீங்க தமிழா? தமிழ்லயே சொல்லுங்க. யாரு, பிள்ளையா?"

அப்போதுதான் அழுதேன்.

"அழாதீங்கக்கா. சிலோனா நீங்க? நாங்களும் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன ஆளுங்கதான். பிள்ள எங்கயும் போயிருக்காது. போட்டோ இருந்தா காட்டுங்க."

போனில் இருந்த முந்தின நாள் படத்தை எடுத்துக் காட்டினேன். கோபுரம் முழுதாக விழுந்திருந்தது, நுனிவரைக்கும். கீழே ஓரத்தில் மகளின் நெற்றியும் வகிடும் மட்டும் இருந்தன. காவலாளி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். அவள் அதை எனக்குத் தமிழில் சொல்லவில்லை.

என்னை ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். சுவர் நிறையத் திரைகள். கதவு மூடிய நேரத்துக்குப் படத்தைப் பின்னால் ஓட்டினார்கள். அதோ, என் மகள். ரயில் போனதும் அப்படியே நிற்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்கிறாள்.

"அந்த நேரம் ஸ்பீக்கர்ல அறிவிப்பு போயிருக்கு" என்றாள் துடைக்கும் பெண். "மழையில தர வழுக்கும், பாத்து நடங்கன்னு."

மகள் பையின் இரண்டு வார்களையும் தோளில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள். நகரும் படியில் ஏறினாள். அது முடிந்ததும் அடுத்த படியில் ஏறினாள். வேறொரு திரையில் இன்னொரு படி. ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிள்ள கோவிச்சுக்கிட்டுப் போகுதாக்கா?" அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "வீட்டுல எதுவும் சண்டையா?"

"மேல" என்றேன். "இதுக்கு ஆக மேல என்னா இருக்கு?"

ஸ்டேஷனோடு ஒட்டி ஒரு பெரிய கடைக் கட்டடம். அதன் மொட்டை மாடியில் வாகனம் நிறுத்தும் இடம். துடைக்கும் பெண்ணும் என்னோடு வந்தாள். லிப்ட் கதவு திறந்தபோது மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கூரைக்குக் கீழே அவள் நின்றுகொண்டிருந்தாள். பையைக் கழற்றவில்லை. தலையும் காலும் நனைந்திருந்தன. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அவள் என்னைப் பிடிக்கவில்லை.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"ஒன்னத்தான் தேடினேன்டி. கீழ எல்லா எடமும் தேடினேன்."

"கீழயா?" அவள் விலகி என் முகத்தைப் பார்த்தாள். "தேடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. மேலதான் வருவேன்னு சொன்னீங்க."

துடைக்கும் பெண் தன் சால்வையை எடுத்து அவள் தலையைத் துவட்டினாள். "சூட்டிகையான பிள்ளக்கா, திட்டாதீங்க" என்றாள். யாரும் திட்டவில்லை. திட்டுவதற்கு என்ன இருந்தது? சொல்லிக்கொடுத்ததை ஓர் எழுத்தும் பிசகாமல் செய்திருந்தாள். சொல்லிக்கொடுத்த நான்தான் பக்கத்துத் தோட்டத்துத் தாயைப்போல ஓடியிருந்தேன். மேலே என்ற ஒன்று இருப்பதாகவே அவ்வளவு நேரமும் என் மூளையில் படவில்லை.

அன்று இரவு மகன் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏன் தங்கச்சி, மொட்ட மாடியில கொழுந்து நல்லா இருந்திச்சா?" என்று கேட்டான். அவள் சிரிக்கவில்லை. மிச்ச நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். பயத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அவளுக்கொரு போன் வாங்கிக்கொடுத்தோம்.

மே மாதம் மழை பிடித்தது. ஒரு நாள் கூட்டமொன்றுக்காக நான் இரத்தினபுரிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது வழியில் தண்ணீர் குறுக்கே பாய, பஸ் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டம்மா எனக்குப் போன் எடுத்தார். போத்தல் சிவப்பைத் தாண்டிவிட்டதாம், ஒலிபெருக்கி வந்துவிட்டதாம், எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டார்களாம். "ஒங்க மகளத்தான் இங்க காணல்ல டீச்சர். ஒங்களோட டவுனுக்கு வந்திச்சா?"

மகளுக்கு எடுத்தேன். உடனே பேசினாள். பின்னால் மழைச் சத்தம்.

"எங்கடி இருக்க?"

"ஹோல்ட்ல."

பஸ் ஹோல்ட் லயத்துக்கும் கீழே, அதே மேட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மேல போ! இப்பவே போ!"

"நீங்க வந்தா சேந்து போவோம்."

"நான் வர ராத்திரியாகும். நீ மேல போய் நில்லு. நான் அங்கதான் வருவேன்."

"இல்ல. நீங்க கீழதானே தேடுவீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். என்னைத் தனியாகக் கீழே தேடவிடக் கூடாது என்றுதான் அங்கே நின்றிருக்கிறாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மொகதே மிஸ்?" என்று என்ன ஆயிற்று என விசாரித்தார் கண்டக்டர். பஸ்ஸுக்கு முன்னால் பழுப்புத் தண்ணீர் ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. என்னால் அவளிடம் கத்துவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை. கத்தக் கத்த அவள் இன்னும் உறுதியாக நின்றாள்.

ரப்பர் ஸ்டோரில் இருந்த அவளுடைய அப்பாவுக்கு எடுத்தேன். அவர் ஓடிப்போய் அவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் மேலே ஏறினாராம். வழியெல்லாம் அவர் முதுகில் அடித்திருக்கிறாள்.

அன்று மேடு சரியவில்லை. ஆனால் மழைக்காலம் இன்னும் கிடக்கிறது.

அடுத்த நாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினேன். வகுப்பில் பேசுவதுபோல நிதானமாக. "இனிமே அம்மா தேட மாட்டேன். நீ எங்க இருந்தாலும் நான் நேரா மேலதான் வருவேன். நீயும் எனக்காக நிக்கக் கூடாது."

"சத்தியமா தேட மாட்டீங்களா? நான் அங்க இல்லாட்டியும்?"

"சத்தியமா."

"என் தலையில அடிச்சி சொல்லுங்க."

அவள் தலையில் கையை வைத்தேன். எண்ணெய் தேய்த்துப் பின்னிய முடி, நடுவில் அந்த வகிடு. "சத்தியமா நான்..." என்று தொடங்கி நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து மெதுவாகத் தன் தலையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"வேணாம்மா, விடுங்க" என்றாள்.