மார்லிஸ் அளந்த பசி

முட்டை வேகவைக்க வைத்திருக்கும் கடிகாரத்தைப் பத்து நிமிடத்துக்குத் திருகி வைத்துவிட்டு, நூலகத்து மார்லிஸ் கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம். யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லையாம். பெட்ரோல் பங்கில் காபி ஊற்றும் டானா இதைத் தன் நாத்தனார் சொன்னதாகச் சொன்னாள். நாத்தனாருக்குச் சொன்னவர் தபால்காரர். ஜனவரி மாதத்து டெர்ன் லேக் ஊரில் ஏரி உறைந்துவிடும், சாலை பாதி மூடிவிடும், செய்தி மட்டும் நிற்காமல் ஓடும். அது ஊரின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மார்லிஸ் கம்ப்யூட்டரோடு பேசுகிறாள் என்றும் சேர்ந்திருந்தது.

அந்தக் கடைசித் துண்டு மட்டும்தான் பொய். "அதுகிட்ட என்னத்தப் பேசுறது? அது எவ்வளவு திங்குதுன்னு எண்ணிக்கிட்டிருக்கேன்," என்பாள் மார்லிஸ்.

மார்லிஸ் ட்வைட்டுக்கு அறுபத்தொரு வயது. முப்பத்துநான்கு வருடமாக இந்த நூலகத்தின் சாவி அவள் ஸ்வெட்டர் பையில் இருக்கிறது. கழுத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி, தலையில் ஒன்று. படிக்கும்போது இரண்டையும் விட்டுவிட்டுக் கண்ணைச் சுருக்குவாள். பேனா தொட மாட்டாள், பென்சில்தான். எழுதுவதெல்லாம் பழைய நூல் பட்டியல் அட்டைகளின் பின்பக்கத்தில். பட்டியல் கம்ப்யூட்டருக்குள் போனபோது பதினேழாயிரம் அட்டைகளை எரிக்கச் சொன்னார்கள். அவள் எரிக்கவில்லை. பலசரக்குப் பட்டியல், பிறந்தநாள் வாழ்த்து, பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பனி அள்ளுவது பற்றிய கண்டனம் எல்லாம் அந்த அட்டைகளில்தான் போகும். ஒரு பக்கம் பறவைகளைப் பற்றிய புத்தகம் இருக்கும், மறுபக்கம் வெங்காயம், பால்.

நூலகத்தின் பின்னறையில் ஒன்பது கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளி வேண்டாம் என்று தள்ளியவை. ஆறில் நாலு ஜிபி நினைவகம், மூன்றில் இரண்டே ஜிபி. இயந்திரம் எழுந்து தன் முகத்தைக் கழுவிக்கொள்வதற்குள் அதில் ஒன்றரை ஜிபி போய்விடும். மிச்சத்தில்தான் இணையத்தை மேயும் உலாவி உட்கார வேண்டும். இடம் போதாவிட்டால் திரை அப்படியே உறைந்துவிடும். அம்பு நகராது, எழுதியது போய்விடும், எழுதியவர் மேஜையைத் தட்டுவார்.

அந்தத் தட்டல் நூலக வாரியத்தின் காதுக்கு எட்டியது. இப்போதெல்லாம் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, அந்த அறை எதற்கு என்று ஒருவர் கேட்டார். மாவட்ட அலுவலகத்தின் பழைய கோப்பு அலமாரிகளை அங்கே கொண்டுவந்து வைக்கலாம் என்றார் இன்னொருவர். கடைசியில் வாரியத் தலைவர் ஆர்விட் சாத்ரே ஒரு வழி சொன்னார். ஒன்பதும் அரைமணி நேரம் உறையாமல் ஓடும் என்று மார்லிஸ் காட்டட்டும், அறை இருக்கும். காட்ட முடியாவிட்டால் அலமாரி வரும். நாலு வாரம் கழித்து, வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு வாக்கெடுப்பு.

புது இயந்திரம் கிடைக்காது என்பது மார்லிஸுக்குத் தெரியும். இயந்திரத்தை மாற்ற முடியாது, அதன் மேல் உட்காருகிறவனை மாற்றலாம் என்று முடிவு செய்தாள். நான்கு உலாவிகளை இறக்கினாள். அவற்றின் சின்னங்களை மறைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பெயரிட்டாள். ஒருவன் எந்த வண்டி ஓட்டுகிறான், எந்தத் தேவாலயத்தில் பாடுகிறான் என்பதற்கு அடுத்தபடியாக எந்த உலாவியில் வானிலை பார்க்கிறான் என்பதும் இந்த ஊரில் கட்சி விவகாரம்.

"பேரு தெரிஞ்சா சண்டைக்கு வருவானுங்க. நம்பர் மேல எவனுக்கும் பாசம் கிடையாது," என்றாள்.

அளக்கும் முறையும் அவளுடையது. காலிப் பக்கத்தைத் திறந்துவைத்து அளப்பது விளம்பரக்காரன் வேலை என்பது அவள் கட்சி. ஊர் எதைத் திறக்கிறதோ அதைத்தான் திறப்பாள்: ஏரிப் பனியின் கனம், பழைய டிராக்டர் விற்பனை, இறந்தவர்கள் அறிவிப்பு, பள்ளியின் மதியச் சாப்பாடு, மருத்துவமனையில் நேரம் வாங்கும் பக்கம், வேலை போனவர்கள் வாரா வாரம் நிரப்பும் படிவம். ஆறையும் திறந்து, ஒன்றையும் மூடாமல் விட்டுவிடுவாள். ஊர்க்காரர்கள் எதையும் மூட மாட்டார்கள். பத்து நிமிடம் கழித்து மணி அடிக்கும். கம்ப்யூட்டருக்குள் எந்த வேலை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்து, உலாவியின் பெயருக்கு எதிரே இருப்பதை அட்டையில் எழுதிக்கொள்வாள். உலாவிக்கு ஓர் அட்டை. இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு விரலை உயர்த்துவாள், அவ்வளவுதான். தபால்காரர் பார்த்தது அந்த விரலைத்தான்.

மூன்று வாரம் அளந்தாள். ஒன்றாம் எண்ணுக்கு ஆயிரத்து நூற்றைம்பது எம்பி. இரண்டுக்கு அறுநூற்று நாற்பது. நான்குக்கு நானூற்றுப் பத்து. மூன்றாம் எண்ணுக்கு வெறும் நூற்றுத் தொண்ணூறு. அவளுடைய மேஜைக்குப் பக்கத்து இயந்திரத்தில் அளந்தாள், மற்ற எட்டுக்கும் மனக்கணக்குப் போட்டாள். மூன்றாம் எண்ணை வைத்தால் ஒன்பதும் தாங்கும் என்று ஓர் அட்டையில் எழுதி ஆர்விட்டிடம் கொடுத்தாள். எழுபத்தாறு வயது ஆர்விட் பாதி வாழ்நாளை மர ஆலையில் அளவுகோலோடு கழித்தவர். அட்டையைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"நீ அளந்தியாம்மா?"

"அளந்தேன்."

"அப்ப சரி." அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரமே வாரியத்தில் மற்ற நால்வரையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, மார்லிஸ் அளந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள், புதன்கிழமை காலை வெர்ன் லாட்டி வந்தான். மார்லிஸோடு ஒரே வகுப்பில் படித்தவன். காகித ஆலையில் வேலை போய் நாலு மாதம். அவனிடம் இருப்பது மடிக்கிற போன், அதில் மகளின் குரலைத் தவிர வேறொன்றும் வராது. வாரப் படிவத்துக்கு இந்த அறைதான் அவனுக்குக் கதி. மூன்றாம் எண் உலாவியைத் திறந்து உட்கார்ந்தான். ஒற்றை விரலால் குத்திக் குத்தி இருபத்தைந்தாவது நிமிடம் கடைசிப் பக்கத்துக்கு வந்தான். திரை உறைந்தது.

வெர்ன் மேஜையைத் தட்டவில்லை. தொப்பியைக் கழற்றித் திரைக்கு மாட்டினான். "மார்லிஸ், உன் மூணாம் நம்பர் செத்துப்போச்சு. பக்கத்துப் பக்கத்துலதான் இறந்தவங்க அறிவிப்பு இருக்கு. நானே போட்டுடவா?"

அவள் சிரிக்கவில்லை. அவனை முதலில் நூலகத்தின் தொலைபேசி முன்னால் உட்காரவைத்து, படிவத்தை வாய்வழியாகக் கொடுக்கவைத்தாள். முக்கால் மணி நேரம் காத்திருந்து கொடுத்து முடித்தான். அதற்குள் அவள் இயந்திரத்தைத் தட்டி எழுப்பி, அதே ஆறு பக்கங்களைத் திறந்து, பட்டியலை மேலிருந்து கீழாக வாசிக்கத் தொடங்கியிருந்தாள். முதல் வரியோடு நிற்கவில்லை.

மூன்றாம் எண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் பதினான்கு முறை இருந்தது.

முன்பும் இருந்ததுதான். அவள் கண்ணில் பட்டதுதான். ஆனால் அது அட்டை எழுதிப் பழகிய கண். பதினான்கு பாகக் கலைக்களஞ்சியத்துக்கும் தலை அட்டை ஒன்றுதான். மொத்தத்துக்கும் அதுவே பேசும். அதே பெயரில் பின்னால் வருகிறவை எல்லாம் தலை அட்டையைப் பார்க்கச் சொல்லும் துணை அட்டைகள், அவற்றை யாரும் எண்ணுவதில்லை. அப்படித்தான் அவள் முதல் வரியை எழுதிக்கொண்டு மற்றவற்றைக் கண்ணால் தள்ளிவிட்டிருந்தாள். மூன்றாம் எண் அந்த மரியாதை தெரியாத ஆள். தன்னைப் பதினான்கு துண்டாக வெட்டிக்கொண்டு, துண்டுக்கு ஓர் இலை போட்டுச் சாப்பிடுகிறது. எல்லா வரியையும் கூட்டினாள். ஆயிரத்து எழுநூற்றுப் பத்து. நாலு பேரிலும் பெருந்தீனிக்காரன் அவன்தான். தின்றதெல்லாம் ஒரே வரியில் பளிச்சென்று உட்கார்ந்திருந்ததால் ஒன்றாம் எண்ணை அவள் கேவலமாக நினைத்திருந்தாள்.

இரண்டு மூக்குக்கண்ணாடிகளையும் கழற்றி மேஜையில் வைத்தாள். காது சிவந்திருந்தது. நூலகத்தில் அவள் செய்த தவறுகளை ஊர் ஒரு கை விரலில் எண்ணும். இந்தத் தவறு வேறொருவரின் சட்டைப் பையில் இருக்கிறது.

"கோப்பு அலமாரி வந்துட்டா நான் எங்க போறது?" என்றான் வெர்ன். கேலி போயிருந்தது.

"பார்த்துட்டுச் சொல்றேன்."

அன்று பிற்பகல் வாசலில் 'பின்னறை இன்று இல்லை' என்று ஓர் அட்டை தொங்கியது. ஒன்பது இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் எழுப்பினாள். ஒவ்வொன்றிலும் ஆறு பக்கம். பத்து நிமிடத்தை நம்பவில்லை, அரைமணி நேரமும் வைத்தாள். நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்பதையும் சுற்றி வந்து அம்பை அசைத்துப் பார்த்தாள். பட்டியலின் கடைசி வரி வரை விரலை வைத்துக் கூட்டினாள். அட்டையில் இடம் போதவில்லை, இன்னோர் அட்டையைப் பின்னால் ஒட்டினாள். மதியத்துக்குக் கொண்டுவந்த, கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் டப்பாவிலேயே ஆறியது. ஒன்றாம் எண் முடிந்தது, இரண்டு முடிந்தது. வியாழக்கிழமை காலை வந்து மூன்றையும் நான்கையும் பார்த்தாள்.

நான்காம் எண்ணை ஊரில் யாரும் விரும்பியதில்லை. கருப்பு எழுத்து, சாம்பல் பட்டை, ஒரு அலங்காரமும் கிடையாது. எல்லா வரியும் கூட்டி, நாலிலும் குறைவாக எண்ணூற்று எண்பதில் நின்றது. அதில் ஆறு இயந்திரங்கள் அரைமணியைத் தாண்டின, முக்கால் மணியும் தாண்டின. இரண்டு ஜிபிக்காரர்கள் மூவரும் எதை வைத்தாலும் பதினைந்தாவது நிமிடம் விழுந்தார்கள். நான்கு தடவை முயன்றாள். நான்கு தடவையும் விழுந்தார்கள்.

ஆறு. வாரியம் கேட்டது ஒன்பது.

மதியம் வெர்ன் வந்து எட்டிப் பார்த்தான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "இதைத் தெரிஞ்சவங்க நாம ரெண்டு பேருதான். சாயங்காலம் ஓட்டு விழுந்துடட்டும். அடுத்த வாரம் மெதுவா நாலாம் நம்பருக்கு மாத்திக்கோ. மூணு மிஷினுக்கு மேல 'ரிப்பேர்'னு எழுதி ஒட்டிடு. எவன் கேப்பான்?"

"ஆர்விட் அந்த அட்டையை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவாரு வெர்ன்."

"வாசிக்கட்டுமே."

"அவர் வாயால வர்ற பொய், நான் எழுதிக் குடுத்ததா இருக்கக் கூடாது. ஒம்போதுன்னு சொல்லி அந்த ரூம வாங்க மாட்டேன். ஆறுன்னு சொல்லிக் கேப்பேன். ஆறு போதும், ஊர்ல ஒரே நேரத்துல ஏழாவது ஆளு வந்து நான் பார்த்ததில்ல."

"இல்லன்னு சொல்லிட்டா?"

"திரும்பக் கேப்பேன்."

வெர்ன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான்டி இருந்த. பரீட்சைத் தாளத் திருப்பிக் குடுத்தா, மார்க்கு கூடப் போட்டுட்டீங்கன்னு டீச்சர்கிட்ட போய் நிப்ப," என்றான். தொப்பியை மாட்டிக்கொண்டு, ஆறு மணிக்குத் தானும் கூட்டத்துக்கு வருவதாகவும், வாயைத் திறக்க மாட்டேன் என்றும், ஆனால் முதல் வரிசையில் உட்காருவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

மார்லிஸ் புது அட்டையில் எழுதினாள். முதல் வரி: 'நான் தவறாக அளந்தேன்.' இரண்டாவது வரியில் ஏன் என்று. மூன்றாவது வரியில் ஆறு என்று. பென்சிலை வைத்துவிட்டு நூலகத்தின் தொலைபேசியை எடுத்து ஆர்விட்டின் எண்ணைச் சுழற்றினாள். மணி ஒன்றே முக்கால்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமைப் பிற்பகல் ஆர்விட் எங்கே இருப்பார் என்று ஊருக்கே தெரியும். ஏரியின் நடுவில், உறைந்த பனிமேல் நிற்கும் தன் மரக்குடிலுக்குள், துளையில் தூண்டிலை விட்டுக்கொண்டு இருப்பார். போன் வெளியே வண்டியின் இருக்கையில் கிடக்கும். மீனுக்குச் சத்தம் ஆகாது என்பார். செய்தி விட்டுவைக்கும் வசதியை மகன் வைத்துக் கொடுத்தபோது, என்னோடு பேசுகிறவன் என்னோடு பேசட்டும் என்று எடுக்கச் சொல்லிவிட்டார். அங்கிருந்து அவர் நேரே கூட்டத்துக்குத்தான் வருவார். கடந்த பத்து வருடமாக அப்படித்தான், மீன் வாசத்தோடு.

பன்னிரண்டு முறை அடித்தது, பதின்மூன்றாம் முறையும் அடித்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி வெள்ளையாகக் கிடந்தது. கரையிலிருந்து குடில்கள் வரை ஒன்றரை மைல். வெயில் இருந்தது, காற்றும் இருந்தது.

மார்லிஸ் தொலைபேசியை வைக்கவில்லை. அதை மேஜைமேல் மல்லாத்திப் படுக்கவைத்தாள். அதற்குள் ஆர்விட்டின் வண்டியில் மணி சின்னதாக அடித்துக்கொண்டே இருக்க, புது அட்டையை ஸ்வெட்டர் பையில் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, பனிக் காலணிகளின் நாடாவை இடது காலில் இரண்டு சுற்றாக இழுத்துக் கட்டினாள். பிறகு வலது காலில்.