லேப்டாப்புக்கு நெற்றி எது?

இதை எழுதவேண்டும் என்று நினைத்து நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. பேனாவை எடுப்பேன், அடுப்படியில் என் மனைவி இருமும் சத்தம் கேட்கும், மூடி வைத்துவிடுவேன். அவள் ஊரில் இல்லாத நாள் பார்த்து எடுத்தால் சென்னையிலிருந்து மகள் போன் செய்வாள். அன்றும் மூடி வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், எழுத்துப் பிழை வருமே என்ற கூச்சமும் உண்டு. ஆனால் நிஜமான பயம் வேறு. நடந்த ஒரே சங்கதியை மனைவி ஒரு விதமாகவும் மகள் ஒரு விதமாகவும் சொல்லி வருகிறார்கள். எப்படி எழுதினாலும் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஆற்றங்கரை ஊர். சரஸ்வதி பூஜை அன்று எங்கள் வீட்டில் சந்தனப் பொட்டு வாங்காத பொருள் கிடையாது. டிராக்டருக்கு முன்பக்கம், பம்புசெட் மோட்டாருக்குத் தலையில், மருந்தடிக்கும் தெளிப்பானுக்கு வயிற்றில். அந்த வருஷம் வைஃபை பெட்டிக்கும் பொட்டு வைத்து ஒரு முழம் கதம்பம் சுற்றினாள் என் மனைவி. கடைசியில் மகளின் லேப்டாப் வந்தது. மனைவியின் அண்ணன் மகன் சிங்கப்பூர் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய சாமான் அது. மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுக்கு நெத்தி எது?"

எனக்கும் தெரியவில்லை. அவளே யோசித்து, "வாயத் தொறக்கற எடத்துக்கு மேலதான நெத்தி இருக்கும்" என்று, மூடி திறக்கும் முன் விளிம்பில் கட்டை விரலால் அழுத்தி, தாராளமாக ஒரு பொட்டு வைத்துப் பூஜைப் பலகையில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் விஜயதசமி. காலை ஒன்பதரைக்கு மகளுக்குக் கம்ப்யூட்டரிலேயே வேலைக்கான நேர்முகத் தேர்வு. தஞ்சாவூரில் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். கூப்பிட்ட கம்பெனி வடக்கே எங்கேயோ. லேப்டாப்பில்தான் வரவேண்டும், போன் கூடாது என்று எழுதியிருந்தார்கள். இதுவும் போனால் வருகிற வரனைப் பார்க்கலாம் என்று சொந்தத்தில் பேச்சு கிளம்பியிருந்தது. படித்த படிப்புக்கு ஒரு வேலை பார்த்துவிட்டுத்தான் கல்யாணம் என்பது அவள் பிடிவாதம். எனக்கும் அதே வேண்டுதல்தான்.

பூஜையில் வைத்ததைப் புனர் பூஜை செய்து, கொஞ்சம் வடக்கே நகர்த்திய பிறகுதான் எடுக்கவேண்டும். அன்றைக்கு ஒன்பது மணி வரை ராகு காலம். மகள் எட்டு மணிக்கே லேப்டாப்பை எடுத்துவிட்டாள்.

"ஏண்டி, அவசரக்குடுக்க! கற்பூரம் காட்டலடி இன்னும்!"

"அம்மா, அவங்க உன் ராகு காலம் பாத்தா எனக்கு டைம் குடுத்திருக்காங்க?"

திறந்தாள். நெட் இல்லை. எங்கள் வீட்டு வைஃபை பேர் மட்டுமல்ல, ஒரு பேரும் வரவில்லை. அணைத்துப் போட்டாள். வைஃபை பெட்டியையும் அணைத்துப் போட்டாள். என் போனில் முருகன் பாட்டு தடங்கலில்லாமல் ஓடியது. லேப்டாப் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. கனெக்‌ஷன் கொடுத்தவரை போனில் பிடித்தேன்.

"பெட்டில லைட்டு பச்சையா எரியுதாங்க?"

"எரியுது தம்பி."

"அப்ப எல்லாம் சரியாத்தாங்க இருக்கு."

"சரியா இருந்தா உனக்கு எதுக்குப்பா போன் பண்றேன்?"

அதற்குள் மனைவியின் அண்ணன் நடவு வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார்.

"மாப்ள, தலைமடைல தண்ணி ஓடுது, நம்ம வயலுக்கு வரலன்னா என்ன அர்த்தம்? நடுவுல எவனோ மடைய அடச்சிருக்கான்."

சொன்னவர் சும்மா இருக்கவில்லை. நேரே போய்ப் பக்கத்து வீட்டுச் சுவர் மேல் எட்டிப் பார்த்து, "என்னங்க, எங்க நெட்ட இழுக்கறீங்களா?" என்றார். "எங்க வீட்ல நெட்டே இல்லீங்க" என்று அந்தம்மா சொன்னதும், திரும்பி வந்து வைஃபை பெட்டியிலிருந்த கதம்பத்தை அவிழ்த்தார். "மூச்சு முட்டும்ல பாவம்."

மகள் தன் போனிலிருந்து நெட்டைக் கொடுத்துப் பார்த்தாள். அதையும் லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. "அப்ப கோளாறு இதுலதாம்பா. வயர்லெஸ் ஆஃப்ல இருக்குன்னு சொல்லுது. ஆன் பண்ண விடமாட்டேங்குது" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுபடி மறுபடி அதே இடத்தைத் தட்டினாள்.

மணி ஒன்பது தாண்டியது. மனைவி குளித்த ஈரத்தலையில் துண்டோடு, தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் சொன்னா கேப்பீங்களா? சரஸ்வதிகிட்ட குடுத்தத சொல்லாம தூக்கிட்டு வந்தா, அவ எப்படி விடுவா? கொண்டாந்து வைங்க பலகைல."

"அம்மா, வெளையாடாத."

"குடு பாப்பா" என்றேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கும்பிடத்தான் தெரியும்.

பலகையில் வைத்தோம். கற்பூரம் காட்டினாள். காய்ந்துபோன பழைய பொட்டு வேண்டாமென்று ஈரத்துணியை எடுத்தாள். "தண்ணி! அம்மா, தண்ணி படக்கூடாது!" என்று மகள் அலற, துணியை வைத்துவிட்டு நகத்தால் சுரண்டினாள். சந்தனம் கட்டியாய்ப் பெயர்ந்தது. பிறகு லேப்டாப்பை வடக்கே ஒரு விரற்கடை நகர்த்தி, "இப்பப் பாரு" என்றாள்.

விளிம்பில் நீலமாய் ஒரு பொட்டு விளக்கு எரிந்தது.

"தாயே!" என்று நான் அப்படியே விழுந்தேன். எழுந்து பார்த்தால் மகள் அந்த விளிம்பில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இங்க ஒரு குட்டி சுவிட்ச் இருக்கு! வயர்லெஸ் சுவிட்ச். அம்மா பொட்டு வெச்சு அழுத்தினதுல ஆஃப் ஆயிருக்கு. இப்ப சுரண்டறப்ப ஆன் ஆயிடுச்சு!"

"சுரண்டுன்னு என் கைக்கு யாருடி சொன்னது?" என்றாள் மனைவி.

சண்டைக்கு நேரமில்லை. மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். என் மச்சான் சேறு காய்ந்த காலோடு வாசலில் நின்று, போகிற வருகிறவர்களை எல்லாம் "ஆரன் அடிக்காதீங்கப்பா, பாப்பா பேசுது" என்று அதட்டினார்.

சமீபத்தில் நீங்கள் சரிசெய்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள் என்று உள்ளே கேட்டார்களாம். மகள் அன்று காலைக் கதையையே சொல்லியிருக்கிறாள். நெற்றி எது என்று அம்மா தேடிய இடத்தில், கேள்வி கேட்ட மூன்று பேரும் சிரித்துவிட்டார்களாம். ஒரு வாரத்தில் அவர்களுடைய சென்னை ஆபீசில் வேலை வந்தது.

அன்றிலிருந்து, கோயிலில் யார் கேட்டாலும் மனைவி சொல்கிற கதையில் சுவிட்சே கிடையாது. மகள் ஆபீசில் சொல்கிற கதையில், சுவிட்சைக் கண்டுபிடித்தது அவள்தான். அதில் கற்பூரம் ஏற்றவே இல்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தத் தாய் சுவிட்ச் வழியாக வரக்கூடாது என்று யார் சொன்னது?

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேப்டாப்பில் நெட் வராமல் தவிக்கும் யாருக்காவது இதைச் சொன்னால் புண்ணியம். ஆனால் சொல்லும்போது சுவிட்சை எடுத்துவிடாதீர்கள், கற்பூரத்தையும் எடுத்துவிடாதீர்கள். ஒன்று குறைந்தாலும் இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.