காய்க்காத கொடியில் மூன்று பாகற்காய்

சிம்பாங் ரெங்கம் தோட்டப்புறத்தில் வளர்ந்தவள் என்றால் மண்ணைத் தொட்டாலே காய் தொங்கும் என்று எங்கள் அடுக்குமாடி முழுக்க ஒரு நம்பிக்கை. நானும் மறுக்கவில்லை. சுற்றிலும் செம்பனை எண்ணெய் மரத்தைத் தவிர வேறெதையும் நான் பார்த்து வளரவில்லை என்பதை யாரும் கேட்கவுமில்லை.

ஜொகூர் பாருவில் எங்கள் புளோக்குக்குப் பின்னால் குப்பை கொட்டிக் கிடந்த நிலத்தை, குடியிருப்பவர்கள் சேர்ந்து காய்கறித் தோட்டமாக்கி ஆளுக்கொரு பாத்தி கொடுத்திருந்தார்கள். என் பாத்தியில் பாகல் போட்டேன். கொடி பந்தல் முழுக்கப் படர்ந்தது, மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது, காய் மட்டும் ஒன்றுகூட இல்லை. மூன்று மாதமாகக் காய்க்காத பாத்தியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று அறிவிப்பு ஒட்டினார் தோட்டத்துக்குத் தலைவி, எல்லாரும் மாக்சிக் என்று கூப்பிடும் மலாய்க்கார அம்மாள். ஞாயிற்றுக்கிழமை காலை சோதனை.

வீட்டுக்கு வந்து அழுதேன். பாகற்காய்க்காக இல்லை. கணவர் விடியுமுன்னே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். லிஃப்டில் எல்லாரும் கைப்பேசியைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பாத்தியோரம் நின்றால்தான் சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு வாய் இருந்தது. பாத்தி போனால் எனக்குப் பேச ஆளே இல்லை.

"அதுக்கு ஏன் அழுவுற? பாசார்ல கிலோ கணக்குல கிடைக்குது, வாங்கிக்கலாம் லா," என்றார் கணவர்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சை நான் அப்படியே கேட்டது அன்றைக்குத்தான். சனிக்கிழமை பாசாருக்குப் போய் முழங்கை நீளத்தில் மூன்று பாகற்காய் வாங்கினேன். மறுநாள் காலை, யாரும் வருவதற்குள் அவற்றைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டேன். வீட்டில் சிவப்பு நூல்தான் இருந்தது.

கடைசி முடிச்சைப் போட்டுத் திரும்பினால், பின்னால் பக்கத்துப் பாத்தி சீன அங்கிள். காயைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அலாமாக்!" என்றார். பிறகு தன் கூடையிலிருந்து பழைய நாளிதழை எடுத்தார். பழ ஈ கொட்டாமலிருக்கத் தன் பாகற்காய்களுக்கு அவர் தினமும் காகிதம் சுற்றுவது வழக்கம். அதே மாதிரி என் காய்களையும் காம்பிலிருந்து நுனிவரை சுற்றிவிட்டு, தன் கீரைக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

மாக்சிக் நோட்டுப்புத்தகத்தோடு வந்தார். ஒரு பொட்டலத்தை லேசாக அமுக்கிப் பார்த்தார். அது பொத்தென்று அவர் காலடியில் விழுந்தது.

"முத்திப்போச்சு லா," என்றார் அங்கிள் மலாயில், சிரிக்காமல்.

மாக்சிக் குனிந்து எடுத்து, காகிதத்தை விரித்து உள்ளே பார்த்தார். என் உயிர் என்னிடம் இல்லை. காகிதத்தை மறுபடி மூடினார். நோட்டில் 'நல்ல விளைச்சல்' என்று எழுதினார். பிறகு என் காதருகே வந்து மலாயில் கிசுகிசுத்தார்.

"நூல் வேணாம். தூண்டில் போடுற நைலான்ல கட்டு, கண்ணுக்குத் தெரியாது. வந்து என் கத்தரிச் செடியைப் பாரு."

போய்ப் பார்த்தேன். நாலு கத்தரிக்காயில் இரண்டுதான் அந்தச் செடியில் பிறந்தவை.

மத்தியானம் மூன்று பாகற்காயையும் மாக்சிக் வீட்டு அடுப்பில் வதக்கினோம். எட்டு மாதமாக அதே புளோக்கில் இருந்தும், இன்னொரு வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்தது அன்றுதான். அங்கிள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். ரொம்பக் கசப்பு, அடுத்த தடவை வேறு கடையில் அறுவடை செய் என்றார்.