நகத்துக்குத் தட்டாத கோடு

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஞானமுத்துவைப் பார்த்தால், போர் விமானங்களோடு பாதி ஆயுளைக் கழித்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். விமானப்படையில் மிக் விமானத்தின் இறக்கைகளைப் பழுது பார்த்தவர். இப்போது பழங்காநத்தத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி. நாள் பூராவும் நின்றுவிட்டு, வீங்கின காலை இழுத்துக்கொண்டு படியேறுவார். ஏறின மனுஷன் படுத்தால் என்ன? துண்டுகளை ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் மிக் பொம்மை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

அது வீரணனுக்காக. அவரோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர், டி. கல்லுப்பட்டிக்காரர். சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. மிக் விமானங்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்று செய்தியில் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த இறக்கையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட வேண்டும் என்று போனில் கேட்டிருக்கிறார்.

டப்பாவில் வந்த இறக்கையைப் பார்த்ததுமே ஞானமுத்துவுக்குக் கோபம். தகடும் தகடும் சேரும் இடத்தில் அம்புட்டு அகலக் கோடு. நிஜ விமானத்தில் இப்படி இருந்தால் விரலை உள்ளே விட்டுவிடலாமாம். நகத்தை ஓட்டும்போது தட்டக்கூடாது, தட்டினால் வேலை சரியில்லை, கையெழுத்துப் போட்டுப் பறக்கவிடக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் பாலபாடம். வீரணன் கையை ஏமாற்ற முடியாது என்று, கோடுகளையெல்லாம் பட்டி வைத்து அடைத்தார். உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு ஊசிமுனையால் மயிரிழை போலத் திரும்பக் கீறினார். ஊசி ஒரு தடவை வழுக்கினால் அந்தப் பக்கம் முழுக்க முதலிலிருந்து. ‘படுங்க’ என்று சொல்லிச் சொல்லி அவர் மனைவி சூசையம்மாளுக்கே அலுத்துவிட்டது. எனக்கும் அவரைப் பார்க்கவே அசதியாக இருக்கும்.

ஒருவழியாக முடித்து, லீவு போட்டுவிட்டு என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து கிளம்பினார். அங்கே வாசலிலேயே வீரணனின் மனைவி மாயக்காள், இப்போது அவருக்குப் பாதத்திலும் உணர்ச்சி இல்லை என்று சொன்னார்.

வீரணன் கட்டிலில் உட்கார்ந்து விமானத்தை மடியில் வாங்கினார். நகத்தால் இறக்கையின் குறுக்கே மெதுவாக இழுத்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு விரல் நுனியால் தேடினார். முகம் சுருங்கிப்போனது.

“ஒண்ணுமே தட்டலையே மாப்ள. விரலும் போயிருச்சு போல.”

ஞானமுத்து என்னைப் பார்த்தார். கோடு சன்னம் என்று சொன்னால் வீரணன் நம்பமாட்டார், சமாதானம் சொல்கிறான் என்றுதான் நினைப்பார்.

“விரலெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. நான்தேன் கோடு போடாமக் கொண்டாந்துட்டேன். இந்தா, இப்பப் போட்டுத் தாரேன்.”

மாயக்காளிடம் காய் நறுக்கும் கத்தியை வாங்கினார். அவ்வளவு பாடுபட்ட இறக்கையில், அதே கோடுகளின் மேலேயே, அழுத்தி அழுத்திக் கீறினார். பெயிண்ட் பொரிந்து உதிர்ந்தது. அவர் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை.

வீரணன் மறுபடி நகத்தை ஓட்டினார். தட்டியது. நிறுத்தி, அந்த இடத்தையே சுற்றிவந்தார். டேங்க் மூடி என்றார். பின் விளிம்புக்குப் போய், ஏறி இறங்கும் மடலைத் தொட்டு ஃபிளாப் என்றார். இறக்கையின் முனைவரை போய்த் திரும்பி வந்தவர், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

“இம்புட்டுப் பள்ளமாவா இருக்கும்? இத எவன்டா பாத்துக் கையெழுத்துப் போட்டு மேல அனுப்புனது?”

“நாந்தேன்” என்று சொல்லிவிட்டு ஞானமுத்து கத்தியைக் கீழே வைத்தார்.