சசிரேகா தண்ணீர் கழிக்கிறாள்

"தொண்ணூத்தி நாலு பெர்சென்ட் வேலைக்குப் போயிட்டாங்கன்னு போட்டிருக்கீங்க. என்ன வேலை, மிஸ்?"

சசிரேகா எடைமேடையின் மேல் நின்றுகொண்டு ஒரு பல்கலைக்கழகத்திடம் போனில் கேட்கிறாள். மலைமேல் திரிங்காப்பில் எங்கள் காய்கறி லோரி ஆபீசில் அந்த இடத்தில் மட்டும்தான் சிக்னல் நிலையாக நிற்கும். ஒரு காதை விரலால் அடைத்திருக்கிறாள். அவள் பேசி முடிக்கும்வரை தராசில் சிவப்பு எண்கள் ஐம்பத்திரண்டு கிலோ என்று காட்டிக்கொண்டே இருக்கும். டிரைவர் ராமசாமி அண்ணன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி, "நேத்து ஐம்பத்தொன்னுதானே லாயரம்மா? இன்னிக்கு கோஸ் ஒன்னு மறைச்சு வச்சிருக்கீங்களா?" என்பார். அவள் திரும்பாமலே, "சாப்பிடுங்கண்ணே. மூனு மணிக்குக் கீழ இறங்கணும் நீங்க" என்பாள்.

சசிரேகாவுக்கு முப்பத்திரண்டு வயது. சட்டம் படித்தவள். படித்து ஆறு வருடமாக முட்டைக்கோஸ், தக்காளி, செலரிக் கூடைகளை எடைபோட்டு டெலிவரிச் சீட்டு எழுதுகிறாள். பட்டம் வாங்கியபோது தைத்த கறுப்புக் கோட்டை நாற்காலியின் முதுகில் போட்டிருப்பாள். நீதிமன்றத்துக்கென்று தைத்த அந்தக் கோட்டை மலைக்குளிருக்கு ஸ்வெட்டராகப் போட்டுக்கொள்வதில் அவளுக்கு வெட்கமே கிடையாது. சீட்டில் டிரைவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. பேனாவைப் பிடுங்கிவிடுவாள். "படிங்கண்ணே. ஒரு வரி. நாளைக்கு இதுதான் உங்களுக்காகப் பேசும்."

அவள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் எனக்குத் தெரியும். என் கணவர் ராய்ஸ்டன் வேறொரு கம்பெனிக்கு லோரி ஓட்டியவர். போன வருடம் கோலா தெர்லா பக்கம் வளைவில் வண்டி கவிழ்ந்து இறந்துபோனார். அன்றைய சரக்கை இறக்கிய பிறகு நடந்த விபத்து, அது வேலை நேரமில்லை, நஷ்டஈடு கிடையாது என்று கம்பெனி சொன்னது. அது வேலை நேரம்தான் என்று நிரூபிக்க சசிரேகா பதினேழு பக்கம் எழுதினாள். இரண்டாவது சரக்குக்கு ராய்ஸ்டன் கையெழுத்துப் போட்ட சீட்டை எங்கிருந்தோ தேடிப் பிடித்து ஒன்பதாம் பக்கத்தில் சேர்த்திருந்தாள்.

விசாரணை அறையில் அவள் பேச முடியாது. பேச வேண்டுமென்றால் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒன்பது மாதம் சேம்பரிங் என்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அவள் நாற்பது ஆபீசுகளுக்கு எழுதியும் ஒருவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. எங்களுக்காக வந்த வழக்கறிஞர் அவசரத்தில் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். ஒன்பதாம் பக்கம் படிக்கப்படவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அவள் என் நாற்காலியை இறுகப் பிடித்தது என் முதுகுக்குத் தெரிந்தது. ஒரு துண்டுச்சீட்டு எழுதி முன்னால் அனுப்பினாள். வழக்கறிஞர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முடிவு எங்களுக்கு எதிராக வந்தது. மேல்முறையீட்டை அவளே எழுதிவிட்டாள். அதை எழுந்து நின்று படிக்கத்தான் அவளுக்கு உரிமை இல்லை.

அதனால்தான் தொழிலாளர் சட்டத்தில் மேற்படிப்பு. படிப்பைவிட, படித்தவர்களைச் சேம்பரிங்கில் சேர்த்துவிடும் ஆள் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாரா என்பதுதான் அவளுக்கு முக்கியம். முதலாளி அவள் வேலையை ஒரு வருடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். "இந்தத் தடவையும் தவறிப்போச்சுன்னா சீட்டு எழுதறதுதான் எனக்குன்னு ஆயிடும்க்கா" என்றாள்.

அவள் அம்மா செல்லம் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது, இலையில் இருக்கும் தண்ணீருக்கென்று தோட்டக் கணக்கரான கிராணி இரண்டு கிலோ, மூன்று கிலோ கழித்துத்தான் எழுதுவார். எவ்வளவு கழிப்பது என்று தினமும் வாக்குவாதம் நடக்கும். ஒரு பிடி இலையை அள்ளிப் பிழிந்து காட்டி அம்மா சண்டை போட்டதைப் பார்த்து வளர்ந்தவள் இவள். பல்கலைக்கழகங்களின் பளபளப்பான புத்தகங்களையும் அப்படியே பிழிகிறாள். படிக்க வரும்போதே வேலையில் இருந்தவர்களைக் கழிப்பாள். தங்கள் அப்பாவின் ஆபீசிலேயே போய் உட்கார்ந்தவர்களைக் கழிப்பாள். அதே பல்கலைக்கழகத்தில் பகுதிநேரம் பாடம் எடுப்பவர்களையும் விடுவதில்லை. ஒரு பெரிய பெயர் இப்படித் தொண்ணூற்று நாலிலிருந்து பத்தொன்பதுக்கு இறங்கியது. "ஒரே தண்ணிலா" என்றாள், போனை வைத்துவிட்டு.

அன்று சாயங்காலம் அவள் திடீரென்று சீட்டு எழுதுவதை நிறுத்தினாள்.

"அக்கா, நான் டிகிரி முடிச்ச வருஷம் காலேஜ்லேர்ந்து போன் வந்துச்சு. வேலை செய்றீங்களான்னு கேட்டாங்க. செய்றேன்னு சொன்னேன்."

"சரி."

"எங்கன்னு கேக்கல. நானும் சொல்லல. லோரி ஆபீஸ்னு சொல்ல வெக்கம். அவங்க புக்ல இருக்கிற எண்பத்தெட்டு பெர்சென்ட்ல நானும் ஒருத்திலா. என்னைப் பாத்துட்டு எத்தனை பேர் சேந்தாங்களோ!"

அவள் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு மிச்சச் சீட்டுகளை எழுதி முடித்தாள்.

அடுத்த வாரம் வடக்கே, அவளுக்கு இடம் தந்திருந்த ஒரு சிறிய பல்கலைக்கழகத்தை அழைத்தாள். வேலைவாய்ப்புப் பிரிவில் யோகேஸ்வரி என்பவர் எடுத்தார். தமிழ்க் குரல் கேட்டதும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பதினோரு பேர் படிச்சாங்கம்மா. ஏழு பேர் ஏற்கெனவே வேலையில இருந்தவங்க, அவங்கள நான் கணக்குல சேக்கறதில்ல. மிச்சம் நாலு பேர். மூனு பேருக்குச் சேம்பரிங் எடம் பாத்துக் குடுத்தேன். ஒருத்தருக்கு இன்னும் கெடைக்கல, தேடிட்டுதான் இருக்கேன்."

"கெடைக்காதவர்கிட்ட நான் பேசலாமா மேடம்?"

"அவர்கிட்ட கேட்டுட்டு நம்பர் அனுப்பறேன்" என்றார்.

அந்த இளைஞரின் பெயர் அகிலன். "வேலை இன்னும் இல்லதான்" என்றார். "ஆனா மாசம் ரெண்டு தடவ அந்தம்மா கூப்பிட்டுடறாங்க. நானே மறந்தாலும் அவங்க விடமாட்டேங்கறாங்க."

சசிரேகா என்னைப் பார்த்தாள். தொண்ணூற்று நாலு சொன்ன பெரிய பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதமும் மேசையில்தான் இருந்தது. இரண்டுக்கும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் தர வேண்டும். ராமசாமி அண்ணன் எட்டிப் பார்த்து, "நாலுல மூனா? பெரிய எடத்த விட்டுட்டு இதுக்கா போறீங்க?" என்றார்.

"இதுல பிழிஞ்சா ஒன்னும் சொட்டலண்ணே" என்றாள். அன்றே யோகேஸ்வரிக்குச் சம்மதக் கடிதம் போய்விட்டது.

நேற்று மத்தியானம் மறுபடி போன். அவள் பழைய கல்லூரி. பழைய மாணவர்களின் விவரங்களைப் புதுப்பிக்கிறார்களாம். மழை தூறிக்கொண்டிருந்தது. எடைமேடையில் நின்றபடி கேட்டுக்கொண்டாள்.

"வேலையிலதான் இருக்கேன். லோரி ஆபீஸ்ல கிளார்க். லோ-ரி. ஆமா, எழுதிக்குங்க. சட்ட வேலை இல்ல. அந்த எண்பத்தெட்டுல என்னைக் கழிச்சுடுங்க."

அந்தப் பக்கம் ஏதோ சமாதானம் சொன்னார்கள் போலிருக்கிறது. "பரவால்ல. கழிச்சுட்டு எனக்கு ஒரு ஈமெயில் போடுங்க" என்று சொல்லி வைத்தாள்.

மேடையிலிருந்து இறங்கினாள். சிவப்பு எண்கள் சுழியத்துக்கு வரும்வரை நின்று பார்த்தாள். பிறகு கோட்டுக் கையால் தட்டின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த கூடையைக் கொண்டுவரச் சொல்லிக் கையசைத்தாள்.