கழற்றக் கூடாத மெட்டி

நேற்றுக் காலை தபால்காரர் குரல் கேட்டதும் என் தங்கை கோவிந்தம்மா தெருவுக்கு ஓடினாள். ஓடினாள் என்பதுதான் செய்தி. ஒரு மாதத்துக்கு முன் அவளால் நடக்கவே முடியவில்லை!

எல்லாம் ஒரு மெட்டியால் வந்தது.

அவள் புகுந்த வீடு வளவனூரில் எங்கள் எதிர்வீடு. நாற்று நடும்போது வெள்ளி மெட்டி சேற்றோடு போய்விட்டது. பட்டாளத்துக்குப் புறப்படும் முன் அவள் புருஷன் திருவக்கரைக் கோயில் கடையில் புது ஜோடி வாங்கி, தானே மாட்டிவிட்டுப் போனார். அப்புறம் நாலு மாதமாகக் கடிதம் இல்லை. இந்த நேரம் பார்த்து மெட்டிக்கு அடியில் அரிப்பு, கொப்புளம், நீர்...

கழற்றலாமா? புருஷன் சண்டையில் இருக்கும்போதா? யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கோ, பெண்கள் கூடிய இடத்தில் எப்போதுமே வாய் வராது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மெட்டியில் அழுக்கு சேர்ந்ததால்தான் புண் என்று முடிவுகட்டி, விரலில் கிடந்தபடியே புளி போட்டுத் துலக்கினோம். தினம் இரண்டு வேளை! மெட்டி பளபளத்தது. விரல் வெந்தது.

"அதே கடையில நானும்தான் வாங்கினேன். எனக்கு ஒண்ணும் ஆவலையே!" என்று என் மனைவி காலை நீட்டினாள்.

"குடுத்து வச்ச காலு, அண்ணி. உள்ள இழுத்துக்க" என்றாள் கோவிந்தம்மா.

கடைசியில் விழுப்புரம் போய், ரயில் ஏறி, திண்டிவனத்து டாக்டரிடம் போனோம் — அவள், அவள் மாமியார், நான். வழியெல்லாம் காலைப் பெஞ்சில் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"இது வெள்ளி இல்லை, ஜெர்மன் சில்வர். நிக்கல் கலந்தது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாது" என்றார் டாக்டர்.

என் மனைவிக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை? தரையைப் பார்த்தபடி கேட்டுவிட்டேன்.

"அவங்க சேத்துல இறங்குறாங்களா?"

"இல்லீங்க."

"தோல் முழுசா இருந்தா லேசுல உள்ளே விடாது. இவங்க கால் சேத்துல ஊறி வெடிச்சிருக்கு. போதாததுக்குப் புளியைப் போட்டு நீங்களே வழி பண்ணிக் கொடுத்திருக்கீங்க. கழட்டுங்க."

"மாட்டேன்!" கோவிந்தம்மா காலை இழுத்துக்கொண்டாள். "அவரு வந்து கழட்டட்டும். வெரலு போனா போவட்டும்."

மாமியார் தரையில் உட்கார்ந்தாள். "காலைக் குடுடி."

"வாணாம் அத்தே..."

"பெத்தவ நானு. எனக்கு இல்லாத பயமா ஒனக்கு? அவன் வந்தா நொண்டிக்கினா எதிர்ல போவே?"

இரண்டையும் உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

புண் ஆறிற்று. மனசு ஆறவில்லை. மாமியார் நிமிஷத்துக்கொரு தரம் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். கோவிந்தம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக அலைந்தாள். உலோகத்தைத் துலக்கத் தெரிந்த நமக்கு அதன் அடியில் இருக்கும் தோலைப் பார்க்கத் தெரியவில்லையே என்று நான் குமைந்தேன்.

நேற்று வந்தது அவர் கார்டுதான்! உயிரோடு, சுகமாக இருக்கிறார். உரக்கப் படித்தேன். கடைசி வரியில் நின்றுவிட்டேன் — 'மெட்டி பளபளப்பாக இருக்கிறதா?'

"இன்னான்னு பதில் எழுதறது?" என்று விழித்தேன்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காலு பளபளன்னு இருக்குதுன்னு எழுது!"